ஏனாமுக்கு ஒரு பயணம், வழியில் பறவைக் காய்ச்சல்: நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. மேற்கு கோதாவரியில் தணுக்கு மண்டலத்தின் வேல்பூரு, கிழக்கு கோதாவரியில் பெரவலி மண்டலத்தின் கானூரு அக்ரகாரம் ஆகிய இரண்டு ஊர்ப் பண்ணைகளிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மாதிரிகளை போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் சோதித்து முடிவு சொன்னது. அடுத்த நாட்களில் ஆந்திரத்தின் வேறு சில ஊர்களும் பட்டியலில் சேர்ந்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த செய்தி ஆகிவிடாது. கௌதமி கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம், 800 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தாலும் நம் யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டுதான். அரசு ஊழியர்கள் அங்கே மாறுதலாகிப் போகிறார்கள், குடும்பம் இங்கே இருக்கிறது, பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். மாஹே கதையும் இதேதான், அங்கே கேரளத்துப் பறவைக் காய்ச்சல். ஒரே அரசின் நான்கு துண்டு நிலம் மூன்று மாநிலங்களுக்கு நடுவே கிடப்பதால், பக்கத்து மாநிலத்தின் நோய்ப்பரவல் நம் பயணத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு மாதிரிப் பயணம். ஏனாமில் பணியில் இருக்கும் கணவரைப் பார்க்க மனைவி, 5 வயதுப் பிள்ளை, மனைவியின் அம்மா ஆகிய மூவரும் புதுச்சேரியிலிருந்து ரயிலில் கிளம்பி, ஒரு வாரம் தங்கித் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் கற்பனை. நோய், இடம், தூரம், நடைமுறை எல்லாம் நிஜம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை. ஆனால் இந்த ஒரு வாரத்துக்குள் பறவையின் எச்சமோ ரத்தமோ மனிதக் கையில் படக்கூடிய இடங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். திரும்பி வந்தபின் பத்து நாள் கவனம் வேண்டும். ரயிலில் இருபது மணி நேரம் மாஸ்க்கைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டு, இறங்கிய மறுநாள் காலையில் கோழிக்கடைக் கூண்டுப் பக்கம் பிள்ளையோடு நிற்பவர்கள் ஆபத்து இல்லாத இடத்தில் கவனமாகவும் ஆபத்து இருக்கும் இடத்தில் அசட்டையாகவும் இருக்கிறார்கள்.

வட்டம் எங்கே முடிகிறது

நோய் உறுதியானதும் அரசு இரண்டு வட்டம் போடும். பாதித்த பண்ணையை மையமாக வைத்து 1 கி.மீ. ஆரத்துக்குள் இருப்பது நோய்த்தொற்றுப் பகுதி. அங்குள்ள கோழி, வாத்து அனைத்தையும் கொன்று புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். முட்டை, தீவனம், எரு எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். 1 முதல் 10 கி.மீ. வரை கண்காணிப்புப் பகுதி. அங்கே பறவை, முட்டை, கறி, கோழி எரு ஆகியவற்றின் போக்குவரத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு இருக்கும், மாதிரிகள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பொதுச் சாலையும் ரயிலும் ஓடும். பண்ணைக்குள் போகும் வழிதான் அடைபடும்.

வேல்பூருவும் கானூரு அக்ரகாரமும் தணுக்குப் பக்கம். தணுக்கிலிருந்து ஏனாம் நேர்கோட்டில் 50 கி.மீ.க்கும் மேல். ஆக, அந்த முதல் இரண்டு வட்டங்களுக்கும் ஏனாம் வெளியே. இந்தக் கணக்கை யாரும் கைபேசி வரைபடத்திலேயே போட்டுப் பார்க்கலாம். நோய் கண்ட ஊரின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் புள்ளி விழும். அதன் கீழே வரும் பட்டியலில் ‘தூரத்தை அளவிடு’ என்பதைத் தேர்ந்து, தங்கப் போகும் ஊருக்குக் கோடு இழுக்க வேண்டும். சாலைத் தூரத்தைப் பார்க்கக் கூடாது. அரசின் வட்டம் நேர்கோட்டுக் கணக்கு. சாலையில் 14 கி.மீ. காட்டும் ஊர் நேர்கோட்டில் 9 கி.மீ.யாக இருந்து வட்டத்துக்குள் விழுந்துவிடும்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது மாவட்டப் பெயரை வைத்து முடிவெடுப்பதால்தான். ‘கிழக்கு கோதாவரியில் நோய்’ என்று கேட்டதும் பழைய நினைவில் ஏனாமைச் சுற்றிய பகுதி என்று பதறுகிறார்கள். 2022-ல் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்த பிறகு ஏனாமைச் சுற்றி இருப்பவை காக்கிநாடா, கோனசீமா மாவட்டங்கள். எதிர்ப்பக்கமாக, ‘அது பக்கத்து மாவட்டம்தானே’ என்று தைரியப்படுவதும் அதே தவறு. ஊரின் பெயர் வேண்டும், மண்டலத்தின் பெயர் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறையும், தங்கியிருக்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறையும் புதிய ஊர் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

வட்டத்துக்கு வெளியே இருப்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. வட்டம் என்பது கண்டுபிடித்த நோய்க்குப் போடுவது. கண்டுபிடிக்காத பண்ணைக்கு வட்டம் கிடையாது, காக்கைக்கும் நீர்ப்பறவைக்கும் எல்லை கிடையாது. எனவே கீழே சொல்பவற்றை ஏனாமிலும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும்.

தணுக்கு நிலையத்தைக் கடக்கும்போது

விஜயவாடாவிலிருந்து காக்கிநாடா பக்கம் போக ரயிலுக்கு இரண்டு வழி. ஒன்று ஏலூரு வழி, மற்றது பீமவரம், தணுக்கு வழி. இரண்டும் நிடதவோலில் சேரும். பீமவரம் வழியாகப் போகும் வண்டி என்றால் பயணி அந்தக் கண்காணிப்பு வட்டத்தையே ஊடுருவிப் போகிறார். ஜன்னல் வழியாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள்கூடத் தெரியலாம். இதற்காக டிக்கெட்டை மாற்ற வேண்டுமா? வேண்டாம்.

காரணம் வைரஸின் அமைப்பில் இருக்கிறது. எச்5என்1 உடலுக்குள் நுழைய, உயிரணுவின் மேல் ஒரு குறிப்பிட்ட வகைச் சர்க்கரைக் கொக்கி வேண்டும். பறவையின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் அது நிறைய உண்டு. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் மேற்படலத்திலும் உண்டு. அதனால் சாதாரண ஃபுளூ போலப் பக்கத்து இருக்கைக்காரரின் ஒரு தும்மலில் இது ஒட்டிக்கொள்வதில்லை. நிறைய வைரஸ், கிட்டத்தில், கண்ணிலோ மூச்சிலோ வாயிலோ போக வேண்டும். கோழியை அறுக்கும்போது, இறகு பிடுங்கும்போது, கூண்டைக் கூட்டிப் பெருக்கும்போது, நோயுற்ற பறவையைக் கையில் தூக்கும்போது நடப்பது அதுதான். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் நிலை இதுவரை வரவில்லை.

இதன் இன்னொரு பாதியையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும். 2003 முதல் உலகெங்கும் உறுதியான மனிதத் தொற்று 900-க்கும் மேல், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். பிடிப்பது மிக அரிது, பிடித்தால் மிகக் கொடிது. முதல் பாதி மட்டும் தெரிந்தவர் அலட்சியமாகிறார், இரண்டாம் பாதி மட்டும் தெரிந்தவர் ரயில் ஏறவே அஞ்சுகிறார்.

ரயிலில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிரெட் ஆம்லெட். நடுவில் ஈரமாக மடித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். காக்கிநாடாவிலிருந்து ஏனாம் வரையிலான சுமார் 30 கி.மீ. பேருந்து, ஷேர் ஆட்டோ பயணத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கால் கட்டிய கோழியைப் பையில் வைத்துக்கொண்டு யாராவது ஏறுவது அந்தப் பக்கமும் சகஜம், நம் பக்கமும் சகஜம். இடம் மாறி உட்கார வேண்டும், பிள்ளை கோழியைத் தடவ விடக் கூடாது. காரில் போகிறவர்கள் கோழிக்கூண்டு ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டினால் கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, பின்வாங்கி இடைவெளி விட வேண்டும். இறகும் காய்ந்த எச்சத் தூளும் பின்னால் வரும் வண்டியின் மேல்தான் விழும். சாப்பிட நிறுத்தும் இடத்தில் அத்தகைய லாரிக்குப் பக்கத்தில் வண்டியை விடக் கூடாது.

இரண்டு குழந்தைகள்

அடுத்த பகுதிக்குப் போகும் முன், பதிவாகியுள்ள இரண்டு உண்மை நிகழ்வுகளைப் பார்ப்பது அவசியம். இரண்டிலும் பாதிக்கப்பட்டவை சின்னக் குழந்தைகள்.

முதலாவது, பயணம் சார்ந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தை 2024 பிப்ரவரி 12 முதல் 29 வரை கொல்கத்தாவில் இருந்தது. 25-ஆம் தேதி பசியின்மை, எரிச்சல், காய்ச்சல். 28-ஆம் தேதி மாலை மருத்துவரிடம் காட்டி, பாராசிட்டமால் வாங்கினார்கள். மார்ச் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியா திரும்பியது, 2-ஆம் தேதி விக்டோரியா மாநில மருத்துவமனையில் சேர்ந்தது, 4-ஆம் தேதி மெல்போர்னில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. இரண்டரை வாரம் சிகிச்சை பெற்றுக் குணமாகி வீடு திரும்பியது. இன்ஃபுளூயன்சா ஏ என்று முதலில் தெரிந்தது, அது எச்5என்1 என்று உறுதியாகி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது மே மாதத்தில்தான். நோயுற்ற பறவையைத் தொட்டதாகக் குடும்பத்துக்கு நினைவே இல்லை. உடன் இருந்த யாருக்கும் நோய் வரவில்லை.

இரண்டாவது, இதே ஆந்திரப் பரவலின் காலத்தில். பல்நாடு மாவட்டம் நரசராவுபேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை 2025 மார்ச்சில் மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் எச்5என்1 என்று உறுதி செய்தது. வீட்டில் கோழிக்கறி நறுக்கும்போது பச்சைத் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகக் குடும்பம் தெரிவித்தது. சமைத்த அதே கறியைச் சாப்பிட்ட வீட்டார் நன்றாக இருந்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் மாதிரிக் குடும்பத்தில் யாரைக் குறிவைத்துத் திட்டமிட வேண்டும் என்பது விளங்கும். 5 வயதுப் பிள்ளை எதைத் தொடும், எதை வாயில் வைக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியாது. ‘பறவை எதையும் தொடவில்லை’ என்ற பதில் சின்னப் பிள்ளை விஷயத்தில் நம்பத் தகுந்ததல்ல.

வீட்டுக் கொல்லை

ஏனாமில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்குப் பின்கட்டில் நாலு நாட்டுக்கோழி, ஒரு சேவல். காலையில் திறந்துவிட்டால் வாசல், திண்ணை, துணி துவைக்கும் கல் எல்லாவற்றின் மீதும் எச்சமிட்டுக்கொண்டே திரியும். இந்தப் பயணத்தில் ஆபத்து மிகுந்த இடம் இதுதான், தணுக்கு நிலையமல்ல.

கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டியவை: வீட்டிலோ பக்கத்திலோ கோழி, வாத்து, புறா இருக்கிறதா? அண்மையில் ஏதாவது சோர்ந்து விழுந்ததா, செத்ததா? கூண்டைக் கூட்டுவது யார்? செத்திருந்தால் வேறு இடத்தில் தங்க வேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். எல்லாம் நலமாக இருந்தால், அந்த ஒரு வாரத்துக்குக் கோழிகளை அடைத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அது முடியாத வீட்டில் பிள்ளைக்குச் செருப்பில்லாமல் கொல்லைப் பக்கம் போகத் தடை, வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே, உள்ளே வந்ததும் சோப்பால் 20 நொடி கை கழுவல். சானிடைசர் மண்ணும் எச்சமும் ஒட்டிய கையில் வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் செய்யும், ஏனென்றால் இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது.

பாட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழி வளர்த்துப் பழகிய கைகள் சும்மா இருக்காது, தீவனம் போடும், முட்டை எடுக்கும், மருமகன் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு வைக்க வேண்டும் என்று தானே அறுக்கவும் கிளம்பும். மனிதத் தொற்றுகளில் திரும்பத் திரும்ப வரும் செயல்கள் அறுப்பதும் இறகு பிடுங்குவதும்தான். அந்த வாரம் வீட்டில் உயிர்க்கோழி அறுப்பதே வேண்டாம். ஏனாமில் கோதாவரி இருக்கிறது, கடல் பக்கத்தில் இருக்கிறது, மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சமில்லை. அவற்றுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

பயணம் ஜனவரியில் வந்தால் சங்கராந்திச் சேவல் சண்டை. கோதாவரி மாவட்டங்களில் அது பெரும் திருவிழா, பீமவரம் பக்கம் வெளியூர்க் கூட்டமே திரளும். காயம்பட்ட சேவலின் ரத்தமும் தூசியும் பறக்கும் வளையத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பது, நோய்ப்பரவல் காலத்தில் நாமாகப் போய் ஆபத்தை வாங்குவது. நம் ஊர்ச் சேவல்கட்டுக்கும் இது பொருந்தும்.

ஏனாமுக்குப் பக்கத்தில் இருக்கும் கோரிங்கா சரணாலயத்துக்குப் போகலாம். அலையாத்திக் காட்டு மரப்பாதையில் நடந்து தூரத்திலிருந்து பறவை பார்ப்பதில் ஆபத்து மிகக் குறைவு. கைப்பிடிக் கம்பியில் எச்சம் இருக்கும், பிள்ளை அதைப் பிடித்த கையால் முறுக்கு தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு மாடியிலோ வாசலிலோ செத்த காக்கையோ கோழியோ கிடந்தால் முதலில் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும். பூனையும் நாயும் இழுக்காதபடி மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிலேயே எச்5என்1 கண்டார்கள். யாரும் வராமல், எடுத்தே ஆக வேண்டும் என்றால்: மாஸ்க் (என்95 நல்லது), கண்ணாடி, கையுறை. கையுறை இல்லையென்றால் கையில் தடித்த பிளாஸ்டிக் பை. பறவை மீது பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி நனைத்துக்கொண்டு, பையால் பிடித்து, பையையே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் இட வேண்டும். நனைக்காமல் துடைப்பத்தால் கூட்டுவதுதான் பெருந்தவறு, காய்ந்த எச்சம் தூளாகி மூக்குக்குப் போகும்.

கரைசலின் அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. சுமார் 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு இது 0.5 சதவீதக் கரைசல் தரும். கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, 10 நிமிடம் விட வேண்டும். இது பலிக்காமல் போக மூன்று காரணங்கள் உண்டு. பவுடர் பழசாகி, வாசனையே இல்லாமல் கட்டி தட்டியிருக்கும். அல்லது மண்ணும் எச்சமும் மேலே அப்படியே இருக்க ஊற்றியிருப்பார்கள், குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அல்லது நேற்றுக் கலந்ததை இன்று ஊற்றியிருப்பார்கள். கழிவறை ஆசிட்டோடு கலந்துவிட்டால் நச்சுவாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

செருப்புக்கும் இதே வரிசைதான்: முதலில் பிரஷ், சோப்புத் தண்ணீர், மண் முழுக்கப் போன பிறகு கரைசல். தோல் செருப்பு கெட்டுவிடும், எனவே ரப்பர் செருப்போடு போவது நல்லது. எச்சத்தில் இந்த வைரஸ் 4 டிகிரி குளிரில் 35 நாள் வரை, 37 டிகிரி வெப்பத்தில் சுமார் 6 நாள் தாங்கும். கடற்கரை வெயிலில் காய்ந்த வாசல் சீக்கிரம் சுத்தமாகும். நிழலில் ஈரமாகக் கிடக்கும் குழாயடிதான் கவலைக்குரியது.

அடுப்படி

நன்றாகச் சமைத்த கோழியாலும் முட்டையாலும் இந்த நோய் வருவதில்லை. கறியின் உள்பகுதி முழுக்க 70 டிகிரியைத் தாண்டினால் வைரஸ் அழிந்துவிடும். வீட்டில் வெப்பமானி இல்லாவிட்டாலும் தொடையும் காலும் சேரும் மூட்டில் கத்தியால் கீறிப் பார்த்தால் தெரியும். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, வடியும் சாறு நிறமற்று இருக்க வேண்டும். குழம்பும் குக்கரும் தானாகவே இதைத் தாண்டிவிடும். தந்தூரி, கிரில், பெரிய துண்டு வறுவல் ஆகியவற்றில்தான் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். ஃபிரீசரில் வைப்பது வைரஸைக் கொல்லாது, பாதுகாத்துத்தான் வைக்கும். மஞ்சள்தூள் தடவுவதும் கொல்லாது.

முட்டையில் ஆஃப்பாயில், கலக்கி, வழியல் மூன்றும் அந்த வாரம் இல்லை. தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கரு உதிரியாக வர வேண்டும். ஷவர்மாவோடு வரும் பச்சை முட்டை மயோனைஸ் எப்போதுமே யோசிக்க வேண்டிய பொருள். உணவு நச்சுத்தன்மைக்காகத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. புதுச்சேரி ஒயிட் டவுன் உணவகங்களில் ஒழுகும் முட்டையும் பச்சை முட்டை சேர்த்த சாக்லேட் மூஸும் விரும்பி உண்பவர்கள், நம் பக்கமே நோய் வந்தால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பச்சைக் கறியைக் கையாளும் நேரம்தான் நரசராவுபேட்டைக் குழந்தையின் நிகழ்வு கற்றுத்தரும் இடம். கறி நறுக்கும்போது பிள்ளை அடுப்படியில் இருக்கவே கூடாது. குழாயைத் திறந்துவிட்டுக் கறியை அலசினால் தெறிக்கும் துளி கால் மீட்டருக்கும் அப்பால் இருக்கும் வெங்காயத்திலும் கொத்தமல்லியிலும் விழும். பாத்திரத்தில் கறியை இட்டு, தண்ணீரை மெதுவாக ஊற்றி, கையால் அழுத்தி, வடிகால் வாய்க்கு அருகே தாழ்த்திச் சாய்த்துக் கொட்ட வேண்டும். பிறகு தொட்டி, குழாய்த் திருகு, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சோப்பு, கடைசியில் கொதிநீர். குழாய்த் திருகை எல்லோரும் மறக்கிறார்கள். கறி நறுக்கும் பலகையில் அதே வேளையில் தக்காளி நறுக்கக் கூடாது.

நோய்ச் செய்தி பரவியதும் கறி விலை சரியும். திடீரென்று பாதி விலைக்குத் தெருவில் கூவி விற்கும் கோழியை வாங்க வேண்டாம். வட்டத்துக்குள்ளிருந்து கடத்தி வந்ததாக இருக்கலாம்.

திரும்பி வந்த பின்

தொற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் அறிகுறி வரும், அரிதாக 17 நாள் வரை போகலாம். நடைமுறையில் கடைசியாகப் பறவையை நெருங்கிய நாளிலிருந்து 10 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். மூவருக்கும் காலை, மாலை காய்ச்சல் பார்த்து நாட்காட்டியிலேயே எழுதி வைப்பது போதும். 38 டிகிரி காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சு வாங்கல் ஆகியவை தெரிந்த அறிகுறிகள். கண் சிவப்பும் சில நேரம் வயிற்றுப்போக்கும் வரும், இவ்விரண்டையும் யாரும் பறவைக் காய்ச்சலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ‘மெட்ராஸ் ஐ’ என்று சொட்டுமருந்து வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடுவார்கள்.

காய்ச்சல் வந்தால், மருத்துவமனைக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, மாஸ்க் அணிந்து போக வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் பயணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்: ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஏனாமில் இருந்தோம். அதன் பக்கத்து மாவட்டங்களில் கோழிகளுக்கு எச்5என்1 உறுதியாகியுள்ளது. வீட்டில் கோழிகள் இருந்தன, பிள்ளை தொட்டிருக்கலாம். காய்ச்சல் தொடங்கியது இன்ன நாள்.’ இந்த நாலு வரி இல்லாமல் போனால் கிடைப்பது பாராசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும்தான். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது.

விரைவுப் பரிசோதனை அட்டையில் ஃபுளூ இல்லை என்று வந்தாலும் அது முடிவல்ல. மூக்கு, தொண்டைச் சளியில் ஆர்டி-பிசிஆர் வேண்டும், இன்ஃபுளூயன்சா ஏ என்று வந்தால் எந்த உட்பிரிவு என்று பார்க்க வேண்டும். புதுச்சேரியில் ஜிப்மரில் வைரஸ் ஆய்வகம் இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கும் அதுதான் பக்கம். ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் மிகுதி. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மி.கி. நாளைக்கு இருமுறை, 5 நாள். பிள்ளைகளுக்கு எடையைப் பொறுத்து. சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருத்துவர்கள் தொடங்குவார்கள். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, முன்னெச்சரிக்கை என்று தானாக விழுங்கவும் கூடாது. பருவகால ஃபுளூ தடுப்பூசி எச்5என்1-ஐத் தடுக்காது. ஆனாலும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொண்டால் திரும்பி வந்ததும் வரும் சாதாரணக் காய்ச்சலையும் குழப்பத்தையும் குறைக்கும்.

இதே பயணம் மாஹேவுக்கு என்றால்

கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 எனப் பலமுறை வந்துள்ளது, பெரும்பாலும் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்துக் குட்டநாட்டு வாத்துகளில். மாஹே வடகேரளத்தில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே. ஆகவே குட்டநாட்டில் நோய் என்றால் மாஹே பயணத்துக்கு ஏனாமைவிடவும் கவலை குறைவு. படகு வீட்டுக்காக ஆலப்புழை வரை போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். படகைச் சுற்றி வாத்துகள் நீந்தும் வாய்க்காலில் பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது. வாத்து ரோஸ்ட் நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம். வாளையாறு போன்ற சோதனைச்சாவடிகளில் தமிழ்நாடு கால்நடைத் துறை வண்டிகளுக்கு மருந்து தெளிக்கும், பறவை, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பும். பயணிகளின் காரை மறிப்பதில்லை, ஆனால் டிக்கியில் இரண்டு கோழி இருந்தால் அதுவும் சரக்குதான்.

பிரான்சு குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை நோய் இல்லாத காலத்திலும் உண்டு. கோழி ஊறுகாய் பெட்டியில் வேண்டாம்.

கையில் கொண்டுவரக் கூடாதவை

ஏனாமிலிருந்து திரும்பும்போது சண்டைச் சேவல் குஞ்சு, நாட்டு முட்டை, வாத்து எதுவும் வரக் கூடாது. இந்த ஆய்வில் மிக அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான், ஏனென்றால் மற்றவை எல்லாம் பயணியின் உடம்போடு நிற்கும், இது ஊரையே பிடிக்கும். கோழிக்கு நோய் வந்தால் இரண்டு மூன்று நாளில் செத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வாத்து பல நேரம் நன்றாக மேய்ந்துகொண்டே எச்சத்தில் வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயல்களில் வாத்துக் கிடை இறங்கும். நூற்றுக்கணக்கான வாத்துகள் வயலுக்கு வயல், ஊருக்கு ஊர், லாரியேறி அடுத்த மாவட்டம் வரை போகும். அதே மாதங்களில் ஊசுட்டேரி, கழுவேலி, பெருமாள் ஏரி, பிச்சாவரம் எங்கும் வலசைப் பறவைகள். வெளியூரிலிருந்து வரும் ஒரு வாத்து இந்தக் கிடையில் கலந்தால் அதன் பிறகு யாராலும் வட்டம் போட முடியாது. உறவினர் அன்போடு கொடுத்தாலும் வாங்காமல் வர வேண்டும். கொல்லையில் கோழி வளர்ப்பவர் பயணம் போய் வந்தால், செருப்பையும் உடுப்பையும் துவைத்து, குளித்த பின்தான் தன் கூண்டைத் திறக்க வேண்டும். கூண்டில் ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி காரணம் தெரியாமல் செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, முட்டை திடீரென நின்றாலோ, மீதிக் கோழிகளை அவசரமாக விற்காமல் 1962-ஐ அழைத்து, எந்த ஊர் போய் எந்தத் தேதி திரும்பினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.